வன்னிக்கு நண்பர் வருகிறார்: வாசகர் கேள்வி – பதில்

வேற்றூரிலிருந்து வரும் நண்பரை வன்னியில் எங்கே கூட்டிக்கொண்டு போவது, எப்படிக் கூட்டிக்கொண்டு போவது என்று கேட்டு இம்முறை நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: நான் தலவாக்கலையில் பிறந்தவள். கலியாணம் முடித்துக் கிளிநொச்சிக்கு வந்தேன். இப்போது இதுதான் என் ஊர். என்னோடு படித்த தோழி மாசி மாதம் முதல்தடவையாக வருகிறாள், மூன்று நாள் நிற்பாள். "அங்க பார்க்க என்ன இருக்கு?" என்று ஊரில் எல்லாரும் கேட்கிறார்கள். எங்கே கூட்டிப்போவது?
– வாசகி, கிளிநொச்சி

பதில்: குளத்துக்குக் கூட்டிப்போங்கள். வன்னி, குளத்தை நம்பி எழுந்த நிலம். ஒரு குளத்தை ஆறுதலாக, கட்டிலிருந்து வயல்வரை காட்டினாலே உங்கள் தோழிக்கு இந்த ஊர் விளங்கிவிடும். ஒரே நாளில் ஐந்து இடத்துக்கு ஓடினால் வெயிலும் தூசியும்தான் ஞாபகத்தில் நிற்கும்.

மாசியில் வருவது நல்லது. மாரி ஓய்ந்து குளங்களில் தண்ணீர் நிற்கும். மாரி நெற்பயிரான காலபோகத்தின் அறுவடையும் நடக்கும். ஆனால் அவர் குளிரூரில் வளர்ந்தவர், வெயிலுக்குப் பழக உடம்புக்குச் சில நாள் வேண்டும். வந்த அன்றைக்கே மதியத்தில் வெளியே இழுக்காதீர்கள். நாள் முழுக்கச் சுற்றும் இரண்டாம் நாளைத் தவிர, விடிய 6 மணியிலிருந்து 10 மணிவரை ஒரு பயணம், பின்னேரம் 4 மணிக்குப் பிறகு இன்னொன்று என்று வையுங்கள். நடுவில் வீடு, சாப்பாடு, நித்திரை.

முதல் நாள் பின்னேரம் இரணைமடு. கட்டில் ஏறியதும் எல்லாரும் தண்ணீரைப் பார்த்துப் படம் எடுத்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். நீங்கள் முதலில் நீர்மட்டத்தைக் காட்டும் அளவுகோலைக் காட்டுங்கள். அது அடிக்கணக்கில் இருக்கும். குளத்தின் முழுக் கொள்ளளவு 36 அடி. மாரியில் கிளிநொச்சிச் சனம் ஒருவரை ஒருவர் கண்டால் "குளம் இப்ப எத்தின அடி?" என்றுதான் கேட்கும். தண்ணீரைக் கொண்டுவருவது கனகராயன் ஆறு. தெற்கே வவுனியாப் பக்கக் காடுகளில் பெய்யும் மழை வடக்கே ஓடிவந்து இங்கே தேங்குகிறது. அதனால்தான் கிளிநொச்சியில் ஒரு துளி விழாத நாளிலும் குளம் ஏறும். நிரம்பினால் வான்கதவைத் திறப்பார்கள். மிச்சத் தண்ணீர் சுண்டிக்குளம் கடலேரிப் பக்கம் போய்ச் சேரும்.

பிறகு கட்டின் மறுபக்கம் திரும்பி நிற்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் அதைவிடத் தாழ்ந்து கிடக்கும் வயல். இந்த உயர வித்தியாசம்தான் முழுச் சூட்சுமமும். குளத்து நீர் துருசு என்னும் மதகால் இறங்கி, இடதுகரை வலதுகரை வாய்க்கால்களால் பிரிந்து, பம்பி இல்லாமல், மின்சாரம் இல்லாமல் வயலுக்குப் போகிறது. துருசிலிருந்து வாய்க்கால் ஓரமாகக் கொஞ்சத் தூரம் நடந்து, முதல் கிளை வாய்க்கால் பிரியும் கதவுவரை போங்கள். அந்தச் சின்ன இரும்புக் கதவை ஒரு சாண் கூடத் திறப்பதா குறைத்துத் திறப்பதா என்பதில்தான் கடைசி வயல்காரரின் விளைச்சல் தங்கியிருக்கிறது. காலபோகம் முடிந்ததும் குளத்தில் மிஞ்சிய தண்ணீரைப் பார்த்து, விவசாயிகளும் அதிகாரிகளும் கூட்டம் வைத்து, கோடைப் பயிரான சிறுபோகம் எத்தனை ஏக்கர் என்று தீர்மானிப்பார்கள். எல்லா வயலுக்கும் காணாது. யாருக்கு எவ்வளவு பங்கு என்ற பேச்சு அங்கேதான். இதைத் தோழிக்குச் சொல்லுங்கள். தேயிலை மலையிலிருந்து வருபவருக்கு இது முற்றிலும் புது உலகம்.

வரும் வழியில் வீதியோரம் படங்கு விரித்து நெல் காய்வதைக் காண்பீர்கள். ஈரப்பதம் 14 சதவீதத்துக்கு இறங்கினால்தான் அரச கொள்வனவுக்கு நெல் எடுபடும். அதனால்தான் இந்தக் காய்ச்சல். வாகனத்தை அதன்மேல் ஏற்றக்கூடாது, செருப்போடு மிதிக்கக்கூடாது. காவலுக்கு இருப்பவரிடம் கேட்டுவிட்டு ஒரு நெல்லை எடுத்துப் பல்லில் கடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்: நொறுக்கென்று உடைந்தால் காய்ந்துவிட்டது, நசிந்தால் இன்னும் வெயில் வேண்டும்.

இரண்டாம் நாள் முழுவதும் முல்லைத்தீவுச் சுற்று. அடுத்த கேள்வியில் விரிவாக இருக்கிறது. மூன்றாம் நாள் விடிய ஆனையிறவு. மாசியில் கடலேரியில் பூநாரைகள் நிற்க வாய்ப்புண்டு. தூரத்தில் இளஞ்சிவப்பு வரிபோலத் தெரியும், தொலைநோக்கி இருந்தால் எடுத்துப்போங்கள். கிட்டப்போக முயன்றால் முழுக்கூட்டமும் எழும்பிவிடும்; சேற்றில் காலும் புதையும். நேரமிருந்தால் சுண்டிக்குளம். 1938இல் பறவைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு 2015இல் தேசிய பூங்காவானது. அங்கே போகும் வழி மணலும் கிடங்குமாக இருப்பதால் சிறு காரைவிட உயரமான வாகனம் நல்லது.

கேள்வி: கனடாவிலிருந்து நண்பர் குடும்பம் வருகிறது. ஹயஸ் வான் ஒன்று பிடித்து ஒரே நாளில் கிளிநொச்சியிலிருந்து முல்லைத்தீவு போய் வரலாமா? எந்த வழி, எத்தனை மணிக்கு எங்கே?
– வாசகர், பரந்தன்

பதில்: தாராளமாகப் போகலாம். போன வழியே திரும்பாமல் சுற்றி வாருங்கள்: பரந்தன், தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால், வட்டுவாகல், முல்லைத்தீவு, வற்றாப்பளை, முள்ளியவளை, ஒட்டுசுட்டான், மாங்குளம், முறிகண்டி, கிளிநொச்சி. மொத்தம் ஏறக்குறைய 140 கிலோமீற்றர். ஓடுவதற்கு மட்டும் மூன்றரை மணித்தியாலம் பிடிக்கும், நிற்பதற்குத்தான் மிச்ச நாள்.

விடிய 6 மணிக்கு வெளிக்கிடுங்கள். போகும் வீதி நேர் கிழக்கு என்பதால் முதல் ஒரு மணித்தியாலம் சூரியன் சாரதியின் கண்ணில் அடிக்கும். மாடுகளும் பள்ளிப் பிள்ளைகளின் சைக்கிள்களும் அதே நேரத்தில்தான் வீதியில். ஆறுதலாக ஓடச் சொல்லுங்கள். காலைச் சாப்பாட்டைப் புதுக்குடியிருப்பில் முடியுங்கள், அதற்குப் பிறகு நல்ல கடைக்கு முல்லைத்தீவுவரை போகவேண்டும். 8 மணியளவில் முள்ளிவாய்க்கால். அதற்கெனத் தனிக் கேள்வி வந்திருப்பதால் கீழே பாருங்கள்.

வட்டுவாகலில் நந்திக்கடல் என்ற கடலேரியைக் கடக்கிறீர்கள். பழைய பாலம் ஒடுக்கமானது, ஒரு வாகனம் போகத்தான் இடம். எதிரே வாகனம் ஏறிவிட்டால் இந்தப் பக்கமே காத்திருங்கள். பாலத்தில் நிறுத்திப் படம் எடுக்கவேண்டாம்; கடந்து ஓரமாக நிறுத்திவிட்டு நடந்து வந்து பாருங்கள். ஒரு பக்கம் நந்திக்கடல், மறுபக்கம் கடலோடு சேரும் முகத்துவாரம். இந்தக் கலப்பு நீரில் வளர்வதால்தான் நந்திக்கடல் இறாலுக்கு அப்படியொரு பெயர். மாரி வெள்ளத்தில் பாலத்துக்கு மேலால் தண்ணீர் பாய்ந்தால் கடக்கவே கூடாது. முழங்கால் அளவுத் தண்ணீரே ஹயசை அசைத்துவிடும்.

முல்லைத்தீவுக் கடற்கரையில் மீன் வாங்க நினைத்தால் 9 மணிக்கு முதல் நிற்கவேண்டும். பிந்தினால் நல்ல மீன் கொழும்பு லொறியில் ஏறிவிடும். இறால் வாங்குவதாயின் றெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டி கொண்டுபோங்கள்: ஒரு கிலோ இறாலுக்கு ஒரு கிலோ நொறுக்கிய ஐஸ். அடியில் ஐஸ், பிறகு இறால், மேலே ஐஸ் என்று அடுக்குங்கள். பெட்டியின் அடியில் சிறு துளை இருக்கட்டும். உருகிய தண்ணீரில் இறால் ஊறினால் ருசி போகும், தலையும் கறுக்கும்.

வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலுக்கு 11 மணிக்குள் போய்விடுங்கள்; மதியத்தில் நடை சாத்துவார்கள். கோயில் நந்திக்கடற் கரையில். வைகாசிப் பொங்கலுக்கு முன்னர் சிலாவத்தைக் கடலில் நீரெடுத்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் அந்த உப்புநீரில் விளக்கேற்றும் வழக்கம் இன்றைக்கும் நடக்கிறது. பொங்கல் நாளில் நண்பர் நிற்பாராயின் அதற்கு மேலான அனுபவம் வன்னியில் வேறில்லை. ஆனால் அன்றைக்கு வாகனத்தைக் கோயிலருகே கொண்டுபோக முடியாது, நெடுந்தூரம் நடக்க ஆயத்தமாக வரவேண்டும்.

மதியச் சாப்பாடும் ஓய்வும் முள்ளியவளையிலோ தண்ணீரூற்றிலோ. 2.30க்கு வெளிக்கிட்டு ஒட்டுசுட்டான் வழியாகக் கற்சிலைமடு. பண்டாரவன்னியன் 1803 ஓகஸ்ட் 25இல் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கி ஆங்கிலேயரை விரட்டினான். அதே ஆண்டு ஒக்ரோபர் 31இல் வொன் டிறிபேர்க் என்ற படையதிகாரி அவனைத் தோற்கடித்த இடமென்று ஆங்கிலேயர் நினைவுக்கல் நாட்டியது கற்சிலைமடுவில்தான். வென்றவன் தன் வெற்றிக்காக நட்ட கல்லால், தோற்றவனின் பெயர் அந்த இடத்தில் நிலைத்தது. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவிட்டுக் கல்லிடத்தைக் காட்டுங்கள். சொல்லாமல் காட்டினால் அவர்களுக்கு அதில் எதுவும் தெரியாது.

5 மணிக்குள் மாங்குளம் ஏ9 வீதியைத் தொட்டுவிட வேண்டும். ஒட்டுசுட்டான்–மாங்குளம் வீதியில் பொழுதுபட்டால் யானை இறங்கும். வீதியில் யானையைக் கண்டால் தூரத்திலேயே நிறுத்தி, பின்னால் எடுக்க இடம் வைத்துக்கொண்டு காத்திருங்கள். ஹோர்ன் அடிக்கக்கூடாது, பெரிய வெளிச்சம் போடக்கூடாது, இறங்கவே கூடாது. குட்டியோடு நின்றால் அது தானாகக் காட்டுக்குள் போகும்வரை அசையவேண்டாம். கடைசியில் முறிகண்டிப் பிள்ளையார். ஏ9 ஆல் போகும் சாரதிகள் இங்கே நிறுத்தித் தேங்காய் உடைக்காமல் போகமாட்டார்கள். உங்கள் சாரதிக்கும் ஐந்து நிமிடம் கொடுங்கள்.

வெளிநாட்டு நண்பர் தானே வாகனம் ஓட்ட நினைத்தால், அந்நாட்டு அனுமதிப்பத்திரம் மட்டும் இங்கே காணாது; இலங்கையில் அங்கீகாரம் பெற்றிருக்கவேண்டும். ட்ரோன் கொண்டுவந்தால் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் அனுமதி வேண்டும். இராணுவ முகாம்களைப் படம் எடுக்கக்கூடாது.

கேள்வி: என்னோடு வேலை செய்யும் வெளிநாட்டவர் ஒருவர் முள்ளிவாய்க்காலைப் பார்க்கவேண்டும் என்கிறார். அவரை எப்படி அழைத்துப்போவது? போவது சரியா என்றே எனக்குத் தயக்கமாக இருக்கிறது.
– வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: போகலாம். அறியவேண்டும் என்று கேட்பவருக்கு மறைக்கத் தேவையில்லை. ஆனால் அது சுற்றுலா இடமாகக் காட்டப்படக்கூடாது. உங்கள் தயக்கம் நியாயமானது.

முதல்நாளே வீட்டில் இருந்து கதையுங்கள். 2009இன் முதல் மாதங்களில் வன்னிச் சனம் மேற்கிலிருந்து கிழக்காக இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, கடைசியில் நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் நடுவில் ஒடுங்கிய மணல் துண்டில் சிக்கியது. மே 18இல் போர் முடிந்தது. வரைபடத்தில் அந்தத் துண்டைக் காட்டுங்கள். அதன் அகலத்தைப் பார்த்தபின் நீங்கள் அதிகம் சொல்லத் தேவையிருக்காது.

நினைவு முற்றத்தில் செருப்பைக் கழற்றுங்கள், தொலைபேசியை அமர்த்துங்கள். இடத்தைப் படம் எடுக்கலாம். விளக்கேற்றுபவரை, அழுபவரை எடுக்கக்கூடாது. தன்னை எடுக்கும் படம் அங்கே வேண்டவே வேண்டாம் என்று முதலே சொல்லிவையுங்கள், அங்கே போய்ச் சொன்னால் அவருக்கும் சங்கடம். கடையிலோ வீதியிலோ காண்பவரிடம் "உங்களுக்கு யார் இல்லாமல் போனது?" என்று கேட்கவேண்டாம். அவர்களாகத் தொடங்கினால் கேட்டுக்கொண்டிருக்கட்டும், நீங்கள் மெதுவாக மொழிபெயர்த்தால் காணும்.

நிலத்தில் கிடக்கும் எதையும் எடுக்கக்கூடாது. துணி, பாத்திரம், இரும்புத் துண்டு எதுவானாலும். வெடிபொருள் ஆபத்து ஒரு காரணம். அது யாரோ ஒருவரின் கடைசிப் பொருளாக இருக்கலாம் என்பது மற்றது.

மே 18இல் அவர் நிற்பாராயின் காலையிலேயே போய்ப் பின்வரிசையில் நில்லுங்கள். அன்று தரும் கஞ்சி அரிசியும் தண்ணீரும் உப்பும் மட்டும். கடைசி நாட்களில் சனத்துக்குக் கிடைத்த சாப்பாடு அதுதான். கொடுத்தால் வாங்கிக் குடிக்கச் சொல்லுங்கள், மிச்சம் வைக்கக்கூடாது. கிளிநொச்சிக்கும் அவரைக் கூட்டிப்போனால், கந்தசுவாமி கோயிலருகே காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017 பெப்ரவரி 20இல் தொடங்கிய போராட்டத்தைப் பற்றியும் சொல்லுங்கள். போர் முடிந்தபின்னும் முடியாதது எது என்று அவர் கேட்டால் அதுதான் பதில்.

அங்கிருந்து நேரே சாப்பாட்டுக் கடைக்குப் போகவேண்டாம். கடற்கரைப் பக்கம் அரை மணித்தியாலம் பேசாமல் நடக்க விடுங்கள்.

கேள்வி: எங்களிடம் வாகனம் இல்லை. பஸ்ஸில் சுற்றிக் காட்ட முடியுமா?
– வாசகர், மாங்குளம்

பதில்: முடியும். ஏ9 இல் நாள் முழுக்க பஸ் ஓடுகிறது; மாங்குளத்தில் ரயிலும் நிற்கும். போரில் அழிந்த வடக்குப் பாதையில் 2013 செப்ரெம்பரில் கிளிநொச்சிவரையும் 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணம்வரையும் ரயில் திரும்ப ஓடத் தொடங்கியது. முல்லைத்தீவுக்கு ரயில் இல்லை, மாங்குளத்திலிருந்து பஸ்ஸில் ஏறக்குறைய 50 கிலோமீற்றர். கிழக்கு வீதிகளில் போகும்போது, இறங்கும் இடத்தில் முதல் வேலையாகக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கடைக்காரரிடம் கேளுங்கள். பின்னேரம் பஸ் சீக்கிரமே குறைந்துவிடும். ஓட்டோ பிடித்தால் தூரத்துக்கு மட்டும் விலை பேசாமல், நிற்கும் நேரத்தையும் சாரதியின் சாப்பாட்டையும் சேர்த்து நாள்கூலியாகப் பேசுங்கள். வழியில் மனஸ்தாபம் வருவதெல்லாம் இந்த நிற்கும் நேரத்தால்தான்.

கேள்வி: நண்பரின் பிள்ளைகள் வவுனிக்குளத்தில் குளிக்க ஆசைப்படுகிறார்கள். விடலாமா? காட்டுக்குள் கொஞ்சம் நடக்கவும் கேட்கிறார்கள்.
– வாசகர், மல்லாவி

பதில்: குளத்தில் ஊரார் அன்றாடம் குளிக்கும் துறை இருந்தால் அங்கே மட்டும், ஊர்க்காரர் ஒருவர் கூட நிற்க, இடுப்பளவுத் தண்ணீரில். "போன வருசம் இதிலதான் குளிச்சனாங்கள்" என்பது போதாது. வரட்சியில் தண்ணீர் ஒடுங்க முதலைகளும் இருக்கும் நீருக்குள் ஒடுங்கும். மழையில் இடம் மாறும். அன்றைக்கு வலை போட்ட மீன்பிடிகாரரிடம் கேட்பதுதான் நம்பகம். விடியவும் பொழுதுபடவும் இறங்கவேண்டாம். தாமரை, அல்லி படர்ந்த இடத்தில் கொடி காலில் சுற்றும். மண் எடுத்த கிடங்குகள் தண்ணீருக்குள் தெரியாது.

துருசுப் பக்கம் எந்தக் காரணத்துக்காகவும் இறங்கக்கூடாது. மேலே தண்ணீர் அசையாமல் கிடக்கும். அடியில் கதவு திறந்திருந்தால் ஆளை இழுத்து அமத்திப் பிடிக்கும், நீச்சல் தெரிந்தவரும் மீளமாட்டார். வான் பாயும்போது அதன் கீழே குளிப்பதும் அப்படித்தான்: பாசி பிடித்த கொங்கிறீற்றில் கால் நிற்காது, விழுந்தால் தலை அடிபடும். சின்னப் பிள்ளைகளுக்கு, மாரி இல்லாத நாளில், மெதுவாக ஓடும் முழங்காலளவு வாய்க்கால் போதும். பெரியவர் ஒருவர் ஓட்டத்தின் கீழ்ப்பக்கம் நிற்கவேண்டும், மேல்பக்கம் நின்று பயனில்லை.

காட்டுக்குள் நடப்பதற்கு எங்கள் பதில்: மாடு மேய்ப்பவரும் விறகு வெட்டுபவரும் நாளும் பாவிக்கும் தடத்தில், அவர்களில் ஒருவரோடு மட்டும். கண்ணிவெடி அகற்றும் வேலை வன்னியில் நெடுங்காலமாக நடக்கிறது. மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகை, சிவப்புப் பூசிய தடி கண்டால் அதைத் தாண்டக்கூடாது. பலகை இல்லாவிட்டாலும் பற்றை மூடிய பழைய பதுங்குகுழி, மண்அணைப் பக்கம் போகவேண்டாம். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், வந்த தடத்திலேயே திரும்பி, கிராம சேவையாளருக்கோ பொலிசுக்கோ சொல்லுங்கள்.

பாலைப்பழக் காலத்தில் கரடியும் அந்த மரத்துக்குத்தான் வரும். விடியவும் மாலையிலும் பாலையடிக்குப் போகாதீர்கள்; ஆள் வருவது அதற்குக் கேட்கும்படி கதைத்துக்கொண்டு நடவுங்கள். பாம்பு கடித்தால் வெட்டுவதோ இறுக்கிக் கட்டுவதோ கூடாது. கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து, 1990க்கு அழைத்து இலவச அம்புலன்ஸ் எடுங்கள். பாம்பைத் தேடி அடித்துக் கொண்டுபோகும் நேரத்தில் ஆளைக் கொண்டுபோகலாம்.

வெயிலில் நண்பருக்குத் தலைச்சுற்றும் தலையிடியும் வந்தால் நிழலில் படுக்கவைத்து ஜீவனி (உடம்பு இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் தூள்) கரைத்துக் கொடுங்கள். பக்கெட்டில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பக்கெட்டையும் ஒரேதரம் கரைக்கவேண்டும். பாதி பாதியாகக் கரைத்தால் உப்பின் அளவு பிசகும். வியர்வை நின்று, பேச்சுக் குழம்பினால் காத்திருக்காமல் 1990. குடிக்கச் சுத்திகரித்த தண்ணீரையே கொண்டுபோங்கள். வன்னிக் கிணறுகள் பலவற்றில் கல்லுத்தன்மை கூட, பழகாத வயிறு ஏற்காது.

கேள்வி: எந்த மாதத்தில் வரச்சொல்வது?
– வாசகி, நெடுங்கேணி

பதில்: தை, மாசி. குளம், வயல், பறவை மூன்றும் கிடைக்கும். ஐப்பசி முதல் மார்கழிவரை மழை. பச்சைப்பசேல் என்றிருந்தாலும் உள்வீதிகள் எப்போது மூடும் என்று சொல்லமுடியாது. பங்குனி, சித்திரை வெக்கை. வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல், பாலைப்பழமும் தொடங்கும். ஆனி, ஆடியில் காற்றும் தூசியும். ஆனால் குளம் வற்றுவதால் நாரையும் கூழைக்கடாவும் மிஞ்சிய தண்ணீரைச் சுற்றி நெருங்கி நிற்கும். பறவை பார்ப்பவருக்கு அதுவே நல்ல காலம். மடுமாதாவை அமைதியாகத் தரிசிக்க நினைப்பவரை ஓகஸ்ட் 15 பெருவிழாவை ஒட்டிய நாட்களில் வரச்சொல்லாதீர்கள். கூட்டத்தோடு கூட்டமாக நின்று பார்க்கவேண்டும் என்பவர் அதற்கென்றே வரலாம், தங்குமிடத்தை மட்டும் நன்றாக முன்கூட்டியே பேசிவையுங்கள்.

கேள்வி: திரும்பிப் போகும்போது என்ன கொடுத்துவிடலாம்? தேன் வாங்கினால் கலப்படம் என்று பயம்.
– வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: பாலைப்பழம் கொடுத்துவிட முடியாது, பறித்த அன்றே சாப்பிடவேண்டும். நன்றாகப் பழுத்து மஞ்சளாகி, விரலால் தொட மெத்தென்று இருப்பதை வாங்குங்கள். பச்சை கலந்தால் பால் உதட்டில் ஒட்டும். ஒட்டினால் தண்ணீரால் கழுவிப் பயனில்லை, ஒரு துளி தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்தால் போய்விடும். முதல்தடவை சாப்பிடும் நண்பருக்கு எண்ணெயை முதலே பூசிவிடுங்கள்.

கச்சான் (நிலக்கடலை) நல்லாகப் போகும். முறிகண்டியில் மணலில் வறுத்த கோதுக் கச்சானாக, சூடு ஆறியதை வாங்குங்கள். கையில் எடுத்துக் குலுக்கினால் பருப்பு உள்ளே ஆடும் சத்தம் கேட்கவேண்டும். கேட்காவிட்டால் ஈரம் இருக்கிறது. சூடாகப் பையில் கட்டினால் ஆவி அடைந்து பதங்கெடும். காற்றுப்புகாத பேணியில் போட்டால் இரண்டு மூன்று கிழமை நிற்கும். உழுந்தும் மொட்டைக்கருப்பன் அரிசியும் பாரமானாலும் கெடாது.

தேனைத் தண்ணீரில் விடுவது, கடுதாசியில் ஊற்றுவது, நெருப்புக்குச்சியில் தோய்த்துப் பற்றவைப்பது எதுவும் கலப்படத்தைக் காட்டாது. அவையெல்லாம் தேனின் தடிப்பையும் ஈரத்தையும் மட்டுமே காட்டும். தடிப்பாகக் காய்ச்சிய சீனிப்பாணி அந்தச் சோதனைகளை எல்லாம் தாண்டிவிடும். மழைக்காலத்தில் எடுத்த நல்ல தேனோ தண்ணியாக இருந்து தோற்றுப்போகும். தேன் உறைவதும் சீனி கலந்ததற்கு அத்தாட்சியில்லை. எடுப்பவரைத் தெரிந்து, வதையோடு பார்த்து, பிழியும்போது வாங்குவது ஒன்றே வழி. பிழிந்ததைத் துணியில் வடித்து, நன்றாகக் காய்ந்த கண்ணாடிப் போத்தலில் கழுத்துக்குக் கீழே இரண்டு விரல் இடம் விட்டு ஊற்றுங்கள். காட்டுத்தேனில் ஈரம் கூட என்பதால் புளித்து வாயு கட்டும். வாய்வரை நிரப்பி இறுக்கினால் மூடி பறக்கும். முதல் கிழமை நாளுக்கொருதரம் மூடியைத் தளர்த்தி மூடுங்கள். ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தை அந்த வீட்டில் இருந்தால் அதற்குத் தேன் கொடுக்கக்கூடாதென்று சொல்லி அனுப்புங்கள்.

விமானத்தில் போவதாயின் தேன் கைப்பையில் போகாது. 100 மில்லிலீற்றருக்கு மேல் பிடித்துவிடுவார்கள். போத்தலை இரண்டு பொலித்தீன் பைக்குள் கட்டி, சாரத்தில் சுற்றி, பெட்டியின் நடுவில் வையுங்கள். நியூசிலாந்துக்குப் போகிறவருக்குத் தேன் கொடுத்துவிடவேண்டாம், அங்கே பறித்துவிடுவார்கள். அவருக்குக் கச்சானோ உழுந்தோ அனுமதியா என்று விசாரித்துவிட்டுக் கட்டுங்கள்.